மிக்ஸிக்கு இரண்டு வெள்ளி: எங்கள் புளோக்கின் ரிப்பேர் ஞாயிறு

சிங்கப்பூரில் வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் என் மிக்ஸிக்கு இரண்டு வெள்ளி (டாலர்) தருவதாகச் சொன்னார். பழைய பத்திரிகைக் கட்டுக்கு அதைவிடக் கூடுதலாகத் தருபவர்தான். மலாயில் காராங்குனி என்றால் சாக்குப் பை. அந்தக் குனி நம் ஊர்க் கோணிக்கு உறவுக்காரன். ஹார்ன் அடித்துக்கொண்டு மாடி மாடியாக வருபவரிடம் பேரம் பேசுவது எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. ஆனால் அன்று கோபம் வந்துவிட்டது. தஞ்சாவூரில் வாங்கி, விமானத்தில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்த 750 வாட் மிக்ஸி அது. பதினான்கு வருடமாக இட்லிப் பொடியிலிருந்து இஞ்சிப் பூண்டு வரை அரைத்தது, இப்போது சுவிட்சைத் திருப்பினால் அடியில் நீலமாகப் பொறி பறக்கிறது, ஒரு மாதிரி கருகல் வாடை, பிறகு மௌனம். அதற்காக இரண்டு வெள்ளியா?

"வேறு வாங்கிக்கொள்ளலாமே" என்றார் என் கணவர். இந்த வீட்டில் எது நின்றுபோனாலும் அவர் சொல்லும் வைத்தியம் இது ஒன்றுதான்.

மின்தூக்கி அருகே ஒட்டியிருந்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை, பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தொண்டூழியர்கள் பழுதான வீட்டுப் பொருள்களைச் சரிசெய்ய உதவுவார்கள், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் தன்னார்வலர் என்பதை நாங்கள் இங்கே தொண்டூழியர் என்போம். மூன்று மாதமாக அந்தத் தாளைக் கடந்து போயிருக்கிறேன். இலவசம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவேன். இரண்டு முறை போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன். இடம் ஜூரோங் வெஸ்ட் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். புளோக் எண்ணைச் சொன்னால் மற்ற வட்டாரத்துக் கூட்டமும் வந்துவிடும். பழுதுபார்ப்பவர்களோ ஏழே பேர்.

முதல் முறை போனபோது என் எண் 19. கீழ்த்தளத்தில் ஆறு நீள மேசைகள், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், வசிப்போர் குழுவின் அறையிலிருந்து இழுத்துவந்த மின்கம்பிகளைத் தரையோடு தரையாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பதிவு மேசையில் ஓர் அம்மா பொருளின் பெயர், என்ன கோளாறு, எத்தனை வருடம் பழையது என்று கேட்டு எழுதினார். பிறகு மிக்ஸியை எடைபோட்டார். பிரிக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் பொறுப்பல்ல என்ற தாளில் என் கையெழுத்தையும் வாங்கினார். எடை எதற்கு என்று கேட்டேன். குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியது எத்தனை கிலோ என்று கணக்கு வைப்பார்களாம். என் மிக்ஸி ஜாரோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

காத்திருந்தது ஒரு மணி நாற்பது நிமிடம். இது என் முதல் குறை. எண் கொடுக்கிறார்கள், ஆனால் எந்த எண் எந்த மேசையில் ஓடுகிறது என்று காட்டும் பலகை இல்லை. மின்விசிறிக்காரர்கள் ஒரு வரிசை, துணிக்காரர்கள் ஒரு வரிசை என்று பிரித்தாலே பாதி நெரிசல் தீரும். எதிர்ப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அன்று ஒரு மலாய்க் கல்யாணம். கொம்பாங் மேளம் முழங்கும்போது, மோட்டாரின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நெய்ச்சோற்று வாசனை மட்டும் எங்கள் பக்கம் தாராளமாக வந்தது. தொண்டூழியர்கள் வைத்திருந்த கோப்பியில் சர்க்கரை அதிகம். பாண்டான் கேக் நன்றாக இருந்தது, இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். "உட்காருங்கள் ஆன்ட்டி" என்றார். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர் என்னை ஆன்ட்டி என்கிறார், நான் அவரை அங்கிள் என்கிறேன். இந்த ஊரில் இந்த இரண்டு சொல்லுக்கும் வயது வரம்பு கிடையாது. உட்கார்ந்தேன். மிக்ஸியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் திருப்புளியை என் பக்கம் தள்ளினார்.

இங்கேதான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். இது இலவசப் பட்டறை அல்ல. பொருளைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்து வாங்கிக்கொள்ள முடியாது. பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும், திருகாணியை அவரே கழற்ற வேண்டும். தொண்டூழியர் சொல்லித்தருவார், கை நடுங்கினால் பிடிப்பார். எனக்கு முன்னால் வந்த ஒருவர் "எனக்கு நேரமில்லை, நீங்களே பாருங்கள், மூன்று மணிக்கு வருகிறேன்" என்றார். "ஒரு மணிக்கு நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம்" என்று பதில் வந்தது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. அவர் தன் விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மிக்ஸியைக் கவிழ்த்தேன். திருகாணியையே காணோம். அங்கிள் சிரித்தார். நான்கு ரப்பர் கால்களையும் பிடுங்கச் சொன்னார். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு திருகாணி ஒளிந்திருந்தது. பதினான்கு வருடம் துடைத்த பொருள், எனக்குத் தெரியவில்லை. கழற்றிய வரிசைப்படி திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் போடச் சொன்னார். கம்பி எதையும் பிடுங்குவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னார். உள்ளே பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. மஞ்சள், மிளகாய், அரிசி மாவு, எல்லாம் சேர்ந்து காய்ந்து சுவரில் அப்பிய சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஒரு கரப்பான் பூச்சியின் சடலமும்.

அவர் குனிந்து முகர்ந்தார். சுருள் கருகியிருந்தால் ஒரு வார்னிஷ் நாற்றம் வரும், இதில் இல்லை என்றார். பல்திறன்மானியின் (மல்டிமீட்டர்) இரண்டு முனையையும் என் கையில் கொடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். எண் வந்தது, மோட்டார் உயிரோடு இருக்கிறது. பிறகு பக்கவாட்டில் இரண்டு சிறு மூடிகளைத் திருகி, ஸ்பிரிங்கோடு இரண்டு கரித்துண்டுகளை வெளியே எடுத்தோம். ஒன்று அரை சென்டிமீட்டர்கூட இல்லை. மற்றது ஏறக்குறைய ஸ்பிரிங் மட்டும்.

அடடா, கார்பன்! எங்கள் ஊர் மிக்ஸி ரிப்பேர்காரர் வாசலில் நின்றபடியே சொல்லியிருப்பாரே. "கார்பன் தேய்ந்துவிட்டது அம்மா, ஆர்மேச்சர் நன்றாக இருக்கிறது" என்ற வாக்கியத்தைச் சிறுவயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஏன் தேய்கிறது என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கிள் சொன்னார். ஆர்மேச்சர் என்கிற சுழலும் பகுதியில் செப்புப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் போக வேண்டும், ஆனால் சுற்றுகிற பொருளில் கம்பியைக் கட்ட முடியாது, முறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் கரி உரசிக்கொண்டே நிற்கிறது. செம்பு தேயக் கூடாது என்பதற்காகவே கரியை மிருதுவானதாக வைத்திருக்கிறார்கள். தேய வேண்டியது அதன் வேலை, மாற்ற வேண்டியது உங்கள் வேலை. கரி குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாது, இடைவெளி விழும், அங்கேதான் அந்த நீலப் பொறி.

சின்ன வயதில் கும்பகோணத்தில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். ஈயம் பூசுகிறவர், சாணை பிடிக்கிறவர், குடை ரிப்பேர்காரர், எல்லாருக்கும் ஒரு கூவல் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் வேலையை வேடிக்கை பார்த்திருக்கிறேன். எவரும் உளியை என் கையில் கொடுத்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மிக்ஸி ஓடவில்லை. அவர்களிடம் அந்த அளவுக் கார்பன் இல்லை. இது இரண்டாவது குறை. பொதுவான உருகிகள் (ஃபியூஸ்), பிளக்குகள், விசிறிக் கண்டென்சர் இவற்றைச் சிறு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மற்றதை நாமே தேடிக் கொண்டுவர வேண்டும். இந்தக் குடியிருப்பில் எத்தனை இந்தியக் குடும்பங்கள், எத்தனை மிக்ஸிகள்! இரண்டு அளவில் கார்பன் வாங்கி வைத்திருந்தால் என்ன என்று கேட்டேன். "எந்த அளவு என்று எழுதிக்கொடுங்கள் ஆன்ட்டி" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நானே வேர்னியர் அளவுகோலால் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதினேன். குறை சொன்னவள் தலையிலேயே வேலை விழுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்துக் கடையில் கார்பன் கிடைத்தது. கடைக்காரர் முதலில் புது மிக்ஸியைத்தான் காட்டினார். பழைய கரித்துண்டை மேசைமேல் வைத்து "இதே அளவு" என்றதும், என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜோடி நான்கு வெள்ளி.

அடுத்த மாதம் எண் 4. காலை ஒன்பதரைக்கே போய் நின்றேன். இந்த முறை அங்கிளின் பக்கத்தில் தொழிற்கல்லூரியில் படிக்கும் மலாய் இளைஞர் ஒருவர். செப்புப் பட்டையின் கறுப்பை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தோம், புதுக் கார்பனைப் பொருத்தினோம். ஜார் இல்லாமல் வெறுமனே சில நிமிடம் ஓடவிட்டார்கள். புதுக் கரியின் முனை தட்டையாக இருக்கும், பட்டையின் வளைவுக்கு ஏற்றபடி தேய்ந்து உட்காரும் வரை கொஞ்சம் பொறி வரும் என்றார்கள். வந்தது, குறைந்தது.

அப்போது அந்த இளைஞர் என் பிளக்கைப் பார்த்தார். இந்தியாவின் உருண்டை முனைப் பிளக், அதன்மேல் ஒரு மாற்றி (அடாப்டர்). இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான் என்பதால் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. மாற்றியின் ஒரு துளை ஓரம் பழுப்பாகியிருந்தது. இறுக்கமில்லாத இணைப்பு சூடேறும், ஒருநாள் உருகும் என்று சொல்லி வெட்டி எறியச் சொன்னார். எங்கள் ஊர்க் கம்பியில் சிவப்பு, கறுப்பு, பச்சை. இங்கே பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும். எது எதற்கு என்று ஒரு தாளில் வரைந்து, இங்கத்து மூன்று முனைப் பிளக்கை என்னையே மாட்டவைத்தார். அதற்குள் போட வேண்டிய உருகிக்கும் கணக்குப் போட்டார். 750-ஐ 230-ஆல் வகுத்தால் மூன்றே கால் ஆம்பியர், எனவே 5 ஆம்பியர் உருகி போதும். பிளக்கோடு வந்த 13 ஆம்பியரை எடுத்துவிடலாம், மெல்லிய கம்பிக்கு அது காவல் ஆகாது. நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். சொல்லிக்கொடுக்கும் திறமை யாரிடம் இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பையனிடம் இருக்கிறது. பெரியவரிடம் அறிவு அதிகம், ஆனால் திருப்புளியை அவ்வப்போது தாமே பிடுங்கிக்கொள்வார்.

எல்லாம் உயிர்பெற்றுவிடுவதில்லை. அன்று இருபத்திரண்டு பொருள் வந்ததில் பதின்மூன்று ஓடின. மைக்ரோவேவ் அடுப்பைத் தொடவே மாட்டார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் உள்ளே ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். எண்ணெயில்லாமல் பொரிக்கும் கருவி ஒன்று வந்தது, அதைப் பிரிக்கவே முடியவில்லை. திருகாணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை ஒட்டிவைத்து விற்கிறார்கள். ஒருவர் சோறு வடிக்கும் குக்கரைக் கொண்டுவந்தார். சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் உருகி அறுந்திருந்தது. அதைத் தவிர்த்து நேராகக் கம்பியைச் சேர்த்துவிடுங்கள், ஓடுமே என்றார். அங்கிள் மறுத்துவிட்டார். அதே வெப்ப அளவுள்ள உருகியை வாங்கிவந்தால் போட்டுத்தருகிறேன், இல்லையென்றால் வீடு பற்றிக்கொள்ளும் என்றார். குக்கர்க்காரர் முனகிக்கொண்டே போனார். எனக்கு இந்தச் சேவையின் மீது நம்பிக்கை வந்தது அந்த மறுப்பைப் பார்த்துத்தான். இலவசமாகச் செய்கிறவர்கள் எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் இந்த யோசனையின் பூர்வீகம் எழுதியிருந்தது. 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் முதல் ரிப்பேர் கஃபேயை நடத்தினார். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. சிங்கப்பூரில் 2014-இல் ரிப்பேர் கோப்பிதியாம் என்ற பெயரில் இது வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பேட்டைகளுக்கு வந்தது. கோப்பி மலாய், தியாம் ஹொக்கியன், கஃபேயைக் காப்பிக்கடை ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் அதையெல்லாம் பார்த்துத் தங்கள் கைக்கு ஏற்றபடி தொடங்கியவர்கள். இந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. எரிக்கிற குப்பையின் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த அந்த நிரப்புமிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். காராங்குனிக்காரரிடம் இரண்டு வெள்ளிக்குக் கொடுத்திருந்தால் என் மிக்ஸி அங்கே போயிருக்காது, யாரோ செம்பை உரித்து எடுத்திருப்பார்கள். அதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இதே குழு வேறு சிலவும் நடத்துகிறது. செவ்வாய் மாலை வரிசை நடனம், பாட்டுச் சத்தம் நான்காம் மாடி வரை கேட்கும். கீழ்த்தளத்தில் ஒரு புத்தக அலமாரி, அதில் தமிழ்ப் புத்தகம் என்று பார்த்தால் பழைய பாடப் பயிற்சி நூல்கள்தான். பின்பக்கம் சமூகத் தோட்டம், தேசியப் பூங்காக் கழகத்தின் திட்டத்தில் வந்தது. கறிவேப்பிலைச் செடி செழிப்பாக இருக்கிறது. ஆனால் வேலிச் சாவி ஒரே ஒருவரிடம். அவர் மலேசியாவுக்குப் போனால் ரசத்துக்குக் கறிவேப்பிலை கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டு அறிவிப்புகளை அணைத்துவைத்திருக்கிறேன். காலை வணக்கப் படங்கள் நான்கு மொழியிலும் வருகின்றன.

மூன்றாவது குறையை அவர்களிடமே சொன்னேன். திருப்புளி பிடித்தவர்களில் ஐந்து பேர் ஆண்கள். கோப்பி மேசையிலும் பதிவு மேசையிலும் முழுக்கப் பெண்கள். தையல் மேசையில் ஒருத்தி. மின்மேசையில் இருந்த ஒரே பெண் கல்லூரி மாணவி, அவளிடம் வந்த இரண்டு பேர் "உங்கள் பெரியவர் எங்கே" என்று கேட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் அவர்கள் விசிறியைச் சரிசெய்து கொடுத்தாள். குழுத் தலைவர் என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, "உங்களுக்குத் தமிழ் தெரியும், பதிவு மேசைக்கு வருகிறீர்களா ஆன்ட்டி?" என்றார். நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன் என்று அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வந்தால் மின்மேசைக்குத்தான் வருவேன் என்றேன். விசிறிக் கண்டென்சரிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

நட்சத்திரம் கொடுத்தாக வேண்டும் என்றால் ஐந்தில் நான்கு. வரிசைக்காக ஒன்றைக் குறைத்துவிட்டேன், கோப்பிக்காகக் குறைக்கவில்லை. அவசரக்காரர்கள் போக வேண்டாம், காசு கொடுத்துக் கடையில் கொடுங்கள். அரை நாள் உட்காரத் தயாராக இருப்பவர்கள் போகலாம். ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். பொருளின் எல்லா உறுப்புகளையும், ஜார், மூடி, கம்பி உள்பட, கொண்டுபோங்கள். உதிரிப் பாகம் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முன்கூட்டியே மாதிரி எண்ணை அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, ஜாரைக் கழுவிக்கொண்டு போங்கள். நான் அவசரத்தில் காலைச் சட்னி ஜாரை அப்படியே எடுத்துப்போய்விட்டேன். ஓட்டிப் பார்க்கலாம் என்று அங்கிள் பொத்தானைத் திருப்ப, மூடி சரியாக உட்காராமல், தேங்காயும் பச்சை மிளகாயும் அவர் மூக்குக்கண்ணாடியில். அவர் விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்புக் கொஞ்சம் கம்மி என்றார்.